மொழிமுதல் வாராது

பெயர்ப்பலகைக்குப் பட்டியல் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன்.
மாட்டிய அன்று பார்த்தால்
முனைவர் பசீஹா தபஸ்ஸும், தமிழ்த்துறை.
ப-வுக்கு முன்னால் இருந்த மூன்று புள்ளியைக் காணோம்.
துறைத் தலைவர் சிரித்தார்:
"ஆய்தம் மொழிமுதல் வாராது மேடம்.
உங்களுக்கு நான் சொல்லணுமா?
தமிளுக்குன்னு ஒரு மரபு இருக்கில்ல?"

தமிள் என்றார்.
நான் திருத்தவில்லை.
பதினேழு வருடத்தில் திருத்தாமல் விட்டவற்றை அடுக்கினால்
பாலாற்றுக்குக் குறுக்கே ஓர் அணை எழும்பும்,
தண்ணீர்தான் இருக்காது.

பட்டம் வாங்கியது புணர்ச்சி விதிகளில்.
எது எதோடு சேரும், சேர்கையில் எது திரியும், எது கெடும்
என்று ஐந்நூறு பக்கம்.
வருடந்தோறும் எனக்கு வரும் தாள்
இஸ்லாமியத் தமிழிலக்கியம்.
"அது உங்க ஏரியா."
இலக்கணம் வேங்கடபதி சாருக்கு.
நேரமிருந்தால் நடத்துவார்.
வினாத்தாளை மட்டும் முந்தின ராத்திரி
எனக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வார்.

புதிதாய் யார் வந்தாலும் தலைவரின் அறிமுகம்:
"மேடம் பேரணாம்பட்டு. வீட்ல உருது.
ஆனா தமிள் என்னமா பேசுறாங்க!"
அந்த ஆனா.
இடைச்சொல் தனித்து இயங்காது என்று வகுப்பில் சொல்கிறேன்.
இது ஒன்று இயங்குகிறது.
எனக்கு முன்னால் நடந்துபோய்
ஒவ்வொரு அறையிலும்
என் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது.

சத்துவாச்சாரியில் வீடு பார்த்தேன்.
போனில் என் பேச்சைக் கேட்டு
"டீச்சரம்மாவா, சாவி கீழ்வீட்ல இருக்கு, பாருங்க" என்றவர்
பெயர் கேட்டார்.
"அடடா, தம்பி பையனுக்கு ஏற்கெனவே சொல்லிட்டமே."
மே மாதம். மலைப்பாறைகள் அனலாய் மூச்சு விட்டன.
ஸ்கூட்டி சீட்டில் கைக்குட்டை விரித்து உட்கார்ந்தேன்.

பிறை தெரிந்த இரவு
மறுநாள் தேர்வு மேற்பார்வையில் என் பெயர்.
"நிலா தெரிஞ்சாதான் பண்டிகைன்னா
நாங்க எப்படி மேடம் ஷெட்யூல் போடறது?"
பிரியாணி என்றைக்கு என்பதில் மட்டும்
யாருக்கும் ஐயமில்லை.
சொர்ணலதா டிபன் கேரியரோடு வந்தாள்.
பத்து வருடத் தோழி.
மூடியைத் திறந்தபடி மெதுவாய்க் கேட்டாள்:
"டிவில அந்த நியூஸ் ஓடினப்போ
உங்க வீட்ல என்னப்பா பேசிக்கிட்டீங்க?"
வெறும் கேள்விதான். கெட்ட எண்ணம் இல்லை.
அதுதான் இன்னும் செரிக்கவில்லை.

நேற்று வேங்கடபதி சார் விடுப்பு.
கரும்பலகையில் எழுதினேன்: எஃகு.
முன்னால் குறில், பின்னால் வல்லினம், நடுவில் ஆய்தம்.
ஒலிக்க அரை மாத்திரை.
இன்னொரு பெயர் தனிநிலை.
தனியே நிற்க விதியில்லை.
ஜவ்வாது மலையிலிருந்து வரும் அலமேலு எழுந்தாள்.
"நிக்க விடலன்னா அதுக்கு ஏன் மேடம் அந்தப் பேரு?"
உரைகாரர்கள் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்.
"தெரியல" என்றேன்.
பின்பெஞ்சு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

சாயங்காலம் கிரீன் சர்க்கிள் பக்கமிருந்து
பெயின்டர் எத்திராஜைக் கூட்டி வந்தேன்.
"எழுத்துக்கு இருபது ரூபா.
மூணு புள்ளிக்கு என்னாம்மா வாங்கறது?"
"அதுவும் எழுத்துதான்."
"பாதி குடுங்க, போதும்."
முழு இருபது கொடுத்தேன்.
பட்டத்துக்கும் பெயருக்கும் நடுவே இடம் பத்தவில்லை.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நெருக்கி வைத்தான்,
மேலே ஒன்று, கீழே இரண்டு.
கீழ்ப்புள்ளி ஒன்று லேசாய் வழிந்தது.
"துடைச்சிடட்டுமா?"
இல்லை, காயட்டும் என்றேன்.